"அளந்தவுடன்" என்றால் எப்போது? குவாண்டம் அளவீடு, ஒளியின் வேகம், காரண காரியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு மொட்டை மாடியில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், பி.எஸ்சி. படிப்பவர்கள், ஓசூரில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வரும் இரண்டு மூன்று பேர். குவாண்டம் பாடம் நடக்கும்போது "அளந்தவுடன் நிலை மாறிவிடும்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். சார்பியல் பாடத்தில் "ஒளியை முந்தி எந்தச் செய்தியும் போகாது" என்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் கேட்ட பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அவர்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

பின்னல் என்கிறீர்களே, அது மண்டியிலிருந்து இரண்டு பெட்டி போவது மாதிரியா?

பின்னல் என்பது, இரண்டு துகள்களை எவ்வளவு தள்ளி வைத்து அளந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்படியான குவாண்டம் உறவு. இந்தக் கேள்வியைக் கேட்டது மாணவர் இல்லை, ஒரு பையனைக் கூட்டிப்போக வந்த அவனுடைய பெரியப்பா. மாங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் சொன்ன உதாரணம் இதுதான்: ஒரு பெட்டியில் செந்தூரா, இன்னொன்றில் பெங்களூரா. சீட்டு ஒட்டாமல் ஒன்றை ஓசூருக்கும் ஒன்றை தர்மபுரிக்கும் அனுப்பிவிட்டோம். ஓசூரில் பெட்டியைத் திறந்து செந்தூராவைப் பார்த்ததும், தர்மபுரியில் இருப்பது பெங்களூரா என்று அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. எதுவும் பறந்து போகவில்லை. பெட்டி கட்டும்போதே முடிவான விஷயம்.

அருமையான உதாரணம். ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935-இல் எழுதிய கட்டுரையின் நியாயமும் ஏறக்குறைய இதுதான். தூரத்தில் இருப்பதைத் தொடாமலே அதன் அளவை உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், அந்த அளவு அங்கே முன்பே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் கோட்பாடு அதைச் சொல்லவில்லை, அதனால் கோட்பாடு முழுமையடையவில்லை என்றார்கள். இது அறிவுக்குப் பொருந்தும் கோரிக்கை. இதை அவசரப்பட்டு ஒதுக்கும் பாடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் இயற்கை அப்படி நடந்துகொள்ளவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு என்று 1964-இல் ஜான் பெல் காட்டினார்.

பெட்டி உதாரணம் எந்த இடத்தில் உடைகிறது?

ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு மாணவி, தர்மபுரியில் ஒரு மாணவன். ஆளுக்கொரு நடுவர். நடுவர்கள் காசு சுண்டிப் பார்த்து, பச்சைச் சீட்டோ சிவப்புச் சீட்டோ நீட்டுவார்கள். சீட்டைப் பார்த்தவர் "ஆம்" அல்லது "இல்லை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருக்குமே சிவப்பு வந்திருந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று சேர்க்கைகளிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி அமைந்தால் இருவரும் சேர்ந்து ஜெயித்தார்கள்.

ஓசூருக்கும் தர்மபுரிக்கும் நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க 250 மைக்ரோ நொடி ஆகும். பதிலை 200 மைக்ரோ நொடிக்குள் கருவி பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவர் சீட்டின் நிறம் இன்னொருவருக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

முன்கூட்டியே எவ்வளவு வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். பெட்டி கட்டுவது என்பது அதுதான். இருவரும் எப்போதும் "ஆம்" என்றே சொன்னால் நான்கில் மூன்று முறை ஜெயிக்கலாம், அதாவது 75 சதவீதம். அதற்கு மேல் முடியுமா? முயன்று பாருங்கள். மாணவியின் பச்சைப் பதில் மாணவனின் பச்சைப் பதிலுக்குச் சமமாக வேண்டும், அவனுடைய சிவப்புப் பதிலுக்கும் சமமாக வேண்டும். ஆக அவனுடைய இரண்டு பதில்களும் ஒன்றே. அவளுடைய சிவப்புப் பதில் அவனுடைய பச்சைக்குச் சமம். அப்படியென்றால் அவனுடைய சிவப்புக்கும் சமமாகிவிடும். ஆனால் சிவப்பு, சிவப்பு வந்தால் வேறுபட வேண்டுமே! முட்டிக்கொண்டது. எந்தத் திட்டமும் 75-ஐத் தாண்டாது.

பின்னிய ஃபோட்டான் சோடிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, சீட்டின் நிறத்தைப் பொறுத்து எந்தக் கோணத்தில் அளப்பது என்று தேர்ந்தெடுத்தால், வெற்றி சுமார் 85 சதவீதம். இந்தப் பத்துச் சதவீதம்தான் பெட்டி உதாரணம் உடையும் இடம். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். வருஷா வருஷம் அந்த அமைதிக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கிறேன்.

உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

ஆமாம். பிரான்சில் அலென் ஆஸ்பே 1982-இல் செய்த சோதனை புகழ்பெற்றது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 2015-இல் 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்த இரண்டு வைரத் துண்டுகளுக்குள் இருந்த எலெக்ட்ரான்களைக் கொண்டு, முந்தைய சோதனைகளில் இருந்த ஓட்டைகளை ஒருசேர அடைத்துச் செய்தார்கள். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 2017-இல் 1,203 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு தரை நிலையங்களுக்குப் பின்னிய ஃபோட்டான்களை அனுப்பியது. ஆஸ்பே, ஜான் கிளவுசர், அன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் இதை வைத்து தர்மபுரிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க முடியாதா?

முடியாது. ஏன் என்பதற்கு மாணவனின் நோட்டைப் பாருங்கள். ஆயிரம் சுற்று ஆடிய பிறகு அதில் சுமார் ஐந்நூறு "ஆம்", ஐந்நூறு "இல்லை" இருக்கும். ஓசூரில் பச்சைச் சீட்டு வந்த சுற்றுகளை மட்டும் தனியாகப் பிரித்தாலும் பாதிக்குப் பாதி. சிவப்பு வந்த சுற்றுகளிலும் பாதிக்குப் பாதி. ஓசூரில் அளக்கவே இல்லை என்றாலும் அதே பாதிக்குப் பாதி. அந்த 85 சதவீதம் ஒரு நோட்டில் இல்லை. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நோட்டு பஸ்ஸில் வர வேண்டும், அல்லது போனில் படித்துக் காட்ட வேண்டும். இரண்டுமே ஒளியை முந்தாது.

கணிதத்தில் இதைச் சொல்லும் விதம் எளிமையானது. ஒளிச் செய்தியால் எட்ட முடியாத தூரத்தில் நடக்கும் இரண்டு செயல்களைக் குறிக்கும் அணிகளை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே. அதனால் ஓசூரில் செய்த எதுவும் தர்மபுரியின் நிகழ்தகவுக் கணக்கிலிருந்து தானாகவே நீங்கிவிடும்.

நிக் ஹெர்பர்ட் என்பவர் 1982-இல் ஒரு குறுக்கு வழி சொன்னார். தர்மபுரிக்கு வரும் ஒற்றை ஃபோட்டானை நிறையப் பிரதி எடுத்துவிட்டால், ஓசூரில் எந்தக் கோணத்தில் அளந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமே என்றார். யோசனையில் பிழை எங்கே என்று தேடிப் போனதில், அதே ஆண்டு வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும், தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று நிரூபித்தார்கள். தப்பான ஒரு யோசனை இவ்வளவு பெரிய தேற்றத்துக்கு வழிவிட்டிருக்கிறது. அதனால்தான் வகுப்பில் யாராவது "ஒளியை முந்த ஒரு ஐடியா இருக்கு சார்" என்றால் உட்கார வைத்து முழுசாகக் கேட்கிறேன்.

"அளந்தவுடன் அங்கே மாறும்" என்கிறீர்கள். யாருடைய கடிகாரப்படி உடனே?

இந்த முழுப் பக்கத்தையும் எழுத வைத்த கேள்வி இது. இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கும் ஒரு பெண் கேட்டாள். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஓசூரிலும் தர்மபுரியிலும் நம் கடிகாரப்படி ஒரே கணத்தில் அளக்கிறார்கள் என்று வைப்போம். ஓசூரிலிருந்து தர்மபுரி நோக்கி ஒளியின் பாதி வேகத்தில் ஒரு ராக்கெட் போகிறது. அதில் இருப்பவர் கணக்கில் தர்மபுரி அளவீடு ஏறக்குறைய 145 மைக்ரோ நொடி முந்தி நடந்திருக்கும். எதிர்த் திசையில் போகும் ராக்கெட்டுக்கு ஓசூர்தான் முந்தியது. மூன்று பேர் சொல்வதும் சரி. சார்பியலில் இதில் விவாதத்துக்கே இடமில்லை.

சரி, அப்போது எது எதை மாற்றியது? ஓசூர் அளவீடு தர்மபுரி நிலையை மாற்றியது என்று ஒருவர் சொல்வார், தலைகீழாக இன்னொருவர் சொல்வார். இரண்டு கணக்கிலும் நோட்டில் விழும் எண்கள் அச்சு அசலாக ஒன்றே. ஆகவே "நிலை மாறியது" என்பதை ஓசூரிலிருந்து கிளம்பித் தர்மபுரியில் இறங்கிய ஒரு பொருள் போல நினைக்கக் கூடாது. அது நாம் வைத்திருக்கும் கணக்கின் ஒரு படி.

அந்தப் படியை எங்கே எழுதுவது என்று பெரியவர்களே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஹெல்விக், கிராவ்ஸ் இருவரும் 1970-இல், அளந்த நிகழ்வின் பின்னோக்கிய ஒளிக்கூம்பின் மேல் (அந்த நிகழ்வை வந்தடையும் ஒளி கடந்துவந்த இட, நேரப் புள்ளிகளின் மேல்) நிலை மாறுவதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லோர் கடிகாரத்துக்கும் பொதுவான ஒரே கோடு அதுதானே என்பது அவர்கள் நியாயம். அகரோனவ், ஆல்பர்ட் இருவரும் 1980-81-இல், இரண்டு இடத்தையும் சேர்த்துச் செய்யும் சில அளவீடுகளுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவராது என்று காட்டினார்கள். அவர்கள் பார்வையில், ஒவ்வொருவரும் "இப்போது" என்று வெட்டும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே ஒரு நிலையை எழுத வேண்டும்.

மறைந்திருக்கும் ஏதோ ஒன்று ஒளியை விட வேகமாக ஓடித்தான் இந்தப் பொருத்தத்தை உண்டாக்குகிறது என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டால்? ஜெனீவா பக்கத்தில் 18 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கிராமங்களில் 2008-இல் சோதித்தார்கள். கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையே இருக்கிற மாதிரி தூரம்தான். பூமியின் வேகம் பற்றிய நியாயமான சில அனுமானங்களின்படி, அப்படி ஒன்று இருந்தால் அது ஒளியைப் போலப் பத்தாயிரம் மடங்காவது வேகமாக ஓட வேண்டும் என்று முடிவு வந்தது. எனக்கென்னவோ, இயற்கை அவ்வளவு பாடுபட்டு ஒளித்து வைக்கிறது என்பதை விட, "உடனே" என்ற சொல்லை நாம்தான் பாடத்தில் அவசரப்பட்டுப் போட்டுவிட்டோம் என்பது பொருத்தமாகப் படுகிறது.

செய்தி போகாது என்று நிரூபித்தாகிவிட்டதே, பிறகு என்ன சிக்கல் மிச்சம்?

மேலே சொன்ன நிரூபணத்தில் ஒவ்வோர் அளவீடும் ஒரே இடத்தில் நடந்தது. இரண்டு இடத்தையும் சேர்த்து ஒரே கேள்வி கேட்கும் அளவீடுகளும் குவாண்டம் பாடத்தில் உண்டு. பாடப்புத்தகம் அவற்றையும் "அளக்கலாம்" என்றே சொல்கிறது. அங்கேதான் வெடிக்கிறது. ரஃபேல் சோர்கின் 1993-இல் குவாண்டம் புலங்களுக்காக (மின்காந்தப் புலம் போல இடமெங்கும் பரவியவற்றுக்காக) எழுப்பிய சிக்கல் இது. அதன் சாரத்தை இரண்டு கியூபிட்டில் காட்டலாம். கியூபிட் என்பது 0, 1 என்ற இரண்டு நிலையிலும் அவற்றின் கலவையிலும் இருக்கக்கூடிய எளிய குவாண்டம் அமைப்பு. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் கியூபிட் 0 நிலையில். தர்மபுரி கியூபிட் 1 நிலையில். பின்னலே இல்லை.

நேரம் பூஜ்யம்: ஓசூரில் மாணவி விரும்பினால் தன் கியூபிட்டைப் புரட்டி 1 ஆக்கலாம், விரும்பாவிட்டால் சும்மா விடலாம்.

நேரம் 50 மைக்ரோ நொடி: இரண்டு கியூபிட்டையும் சேர்த்து ஒரே கேள்வி. "நீங்கள் இருவரும், இரண்டும் 0, இரண்டும் 1 என்ற இரண்டும் சமமாகக் கலந்த அந்தக் குறிப்பிட்ட பின்னல் நிலையில் இருக்கிறீர்களா, இல்லையா?" ஆம், இல்லை என்று இரண்டே விடை.

நேரம் 100 மைக்ரோ நொடி: தர்மபுரியில் மாணவன் தன் கியூபிட்டைப் பார்க்கிறான்.

மாணவி சும்மா விட்டிருந்தால் நிலை 0, 1. அதற்கும் கேட்ட பின்னல் நிலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. விடை நிச்சயமாக "இல்லை", நிலையும் கலையாது. மாணவன் எப்போதும் 1 பார்ப்பான்.

மாணவி புரட்டியிருந்தால் நிலை 1, 1. இப்போது விடை பாதி வாய்ப்பில் "ஆம்", பாதி வாய்ப்பில் "இல்லை". எது வந்தாலும் இரண்டு கியூபிட்டும் முழுக்கப் பின்னிக்கொண்டுவிடும். மாணவன் பார்க்கும்போது 0 வரப் பாதி வாய்ப்பு. 0 வந்துவிட்டால், ஓசூரில் புரட்டியிருக்கிறாள் என்று அர்த்தம்!

100 மைக்ரோ நொடியில் செய்தி வந்துவிட்டது. ஒளிக்கு 250 வேண்டும். பத்து இருபது சோடியைச் சேர்த்து வைத்தால் சந்தேகமே இல்லாமல் படித்துவிடலாம். எந்த ஒரு படியும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. மூன்றும் சேர்ந்தால் காரண காரியம் கவிழ்கிறது.

அந்த நடு அளவீட்டுக்கு ஒரு பாதி ஓசூருக்குப் "பிறகு", மறு பாதி தர்மபுரிக்கு "முன்பு". அது இரண்டு ஊரையும் ஒரே வீச்சில் தொடுவதால் பாலமாகிவிடுகிறது. ஆக இப்படி ஒரு அளவீடு அந்த வேகத்தில் இயற்கையில் நடக்கவே முடியாது. பாடப்புத்தகத்தில் "எந்த ஹெர்மிஷியன் அணியையும் அளக்கலாம்" என்று ஒரு வரி வருகிறதே (அளக்கும் அளவைக் குறிக்கும் அணிக்குத்தான் அந்தப் பெயர்), அதன் பக்கத்தில் நான் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அப்படியானால் இரண்டு ஊரையும் சேர்த்து எதையுமே அளக்க முடியாதா?

முடியும். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு கியூபிட்டுக்கு நான்கு பெல் நிலைகள், அதாவது முழுக்கப் பின்னிய நிலைகள், உண்டு. மேலே கேட்ட பின்னல் நிலை அவற்றில் ஒன்று. "நான்கில் நீ எது?" என்று முழுக் கேள்வியையும் கேட்டால் அது சரி. "நீ அந்த ஒன்றா, இல்லையா?" என்று குறைத்துக் கேட்டால் அது தவறு. நிறையக் கேட்பதற்கு அனுமதி, கொஞ்சமாகக் கேட்பதற்குத் தடை!

காரணம் கணக்கில் பளிச்சென்று தெரியும். முழுக் கேள்வி கேட்டால், முன்பு நிலை என்னவாக இருந்தாலும் தர்மபுரி கியூபிட் பாதிக்குப் பாதி ஆகிவிடும். ஓசூரில் புரட்டினாலும் சரி, புரட்டாவிட்டாலும் சரி. படிக்க ஒன்றும் மிஞ்சாது. குறைத்துக் கேட்கும்போது ஒரு பக்கம் மட்டும் கலையாமல் தப்பிவிடுகிறது, அந்த வித்தியாசமே செய்தியாகிவிடுகிறது.

முழுக் கேள்வியைக் கருவியால் செய்தும் காட்டலாம். முன்கூட்டியே பின்னிய துணைச் சோடிகளை இரண்டு ஊருக்கும் அனுப்பி வைத்துவிட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க் கியூபிட்டைத் துணைக் கியூபிட்டோடு உறவாட விட்டு, துணையை மட்டும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு ஊர் எண்களையும் பிற்பாடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். நிலை மாறுவது அங்கங்கேயே முடிந்துவிடுகிறது, விடையை அறிவது மட்டும் ஒளியின் வேகத்துக்குக் காத்திருக்கிறது. பெக்மன், காட்ஸ்மன், நீல்சன், பிரெஸ்கில் நால்வரும் 2001-இல் எந்தச் செயல் காரண காரியத்துக்கு அடங்கும், எந்தச் செயலை உள்ளூர்க் கருவிகளால் கட்டிக்காட்ட முடியும் என்று பிரித்து ஆராய்ந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்றும் காட்டினார்கள்: செய்தி எதுவும் அனுப்பாத செயலாக இருந்தும், பின்னல் எவ்வளவு கொடுத்தாலும் உள்ளூரில் கட்ட முடியாதவை உண்டு.

இரண்டு அணுக்களை வைத்து ஃபெர்மி ஏதோ கணக்குப் போட்டாராமே?

1932-இல். ஓர் அணு கிளர்ந்த நிலையில் (கூடுதல் ஆற்றலோடு), தள்ளி இன்னோர் அணு அமைதியாக. முதல் அணு உமிழ்ந்த ஒளி போய்ச் சேரும் நேரத்துக்கு முன் இரண்டாவது கிளருமா? கிளராது என்று கணக்கு காட்டியது. ஆனால் கணக்கில் பயன்படுத்திய தோராயமே அந்த விடையைக் கொண்டுவந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஹெகர்ஃபெல்ட் 1994-இல் இதைக் கிளறி, ஒளி வரும் முன்பே கிளரும் வாய்ப்பு பூஜ்யமாக இருக்க முடியாது என்றார். அதே ஆண்டு புக்ஹோல்ஸ், இங்வாசன் இருவரும் விடை சொன்னார்கள். வெற்றிடப் புலமே சும்மா இருப்பதில்லை, அதனால் எந்த டிடெக்டரும் தனியாக இருந்தால்கூட எப்போதாவது "டிக்" என்னும். கேட்க வேண்டிய கேள்வி, "முதல் அணு அங்கே இருப்பதால் அந்த டிக் எண்ணிக்கை மாறுகிறதா?" என்பதுதான். ஒளி வந்து சேரும் வரை மாறுவதில்லை.

புலத்தை அளப்பதற்குச் சரியான வழிதான் என்ன?

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குபவர் கையும் விற்பவர் கையும் துண்டுக்கடியில். ஒரு விரலை அழுத்தினால் இவ்வளவு, இரண்டைச் சேர்த்து அழுத்தினால் இவ்வளவு. அங்கே விலையை அறிவது என்றாலே தொடுவதுதான். தொடுதலுக்கு ஓர் இடம் உண்டு, தொடங்கி முடியும் நேரமும் உண்டு. சந்தையின் இந்தக் கோடியில் தொட்ட கை அந்தக் கோடியில் விலையைக் கேட்காது.

அளவீட்டையும் இப்படி எழுதுங்கள் என்பதே இன்றைய ஆய்வுகள் சொல்லும் வழி. இது புதிய ஞானமும் இல்லை. லாந்தாவ், பையர்ல்ஸ் இருவரும் 1931-இல் குவாண்டம் மின்காந்தப் புலத்தை அளக்கவே முடியாது என்று வாதிட்டபோது, போரும் ரோசன்ஃபெல்டும் 1933-இல், அளக்கும் மின்னேற்றப் பொருளுக்கு ஒரு பருமனும், அளக்க ஒரு கால அளவும் உண்டு, புலத்தை அந்தப் பகுதியின் சராசரியாகத்தான் கேட்க வேண்டும் என்று பதில் எழுதினார்கள்.

உன்ரூ 1976-இலும் டிவிட் 1979-இலும் கொடுத்த எளிய டிடெக்டர் மாதிரி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டு ஆற்றல் நிலை கொண்ட ஒரு சின்ன அமைப்பு, தான் போகும் பாதையில் மட்டும் புலத்தைத் தொடும். தொட்டு முடிந்த பிறகு டிடெக்டரை மட்டும் அளக்கிறோம். அதைப் புள்ளியாக எடுத்தால் காரண காரியம் கெடுவதில்லை. பருமனாக்கினால், அதன் எல்லாப் பாகங்களும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அறிவதாக எழுதிவிடுகிறோம். அங்கே கொஞ்சம் கசிவு வரும், கவனமாக இருக்க வேண்டும்.

இன்னும் கறாரான வழி ஃபியூஸ்டர், ஃபெர்ச் இருவரும் 2020-இல் வெளியிட்டது. அளக்கும் கருவியையும் ஒரு குவாண்டம் புலமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு புலமும் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் உறவாடும், உறவாடலும் ஒளியின் வேகத்துக்குள் அடங்கும். இதே வழியில் போஸ்டல்மன், ஃபியூஸ்டர், ரூப் மூவரும் 2021-இல் சோர்கின் சிக்கலை எடுத்துப் பார்த்தார்கள். கருவி காரண காரியத்துக்கு அடங்கியதாக இருந்தால் அந்தக் கள்ளச் செய்தி வருவதே இல்லை. நடக்க முடியாத அளவீட்டுக்கு நடக்க முடியாத கருவி தேவைப்படுகிறது. அந்தப் பி.எஸ்சி. பெண்ணுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அளவீடு ஒரு மந்திரச் சொல்லாக இருக்கும் வரை "உடனே" என்பது தொல்லை கொடுக்கும். அதை ஒரு கருவியின் தொடுதலாக எழுதினால் அதற்கென்று இடமும் நேரமும் வந்துவிடும்.

ஒன்று பாக்கி. கருவிப் புலத்தை யார் அளப்பது? அதை அளக்க இன்னொரு கருவி, அதற்கும் இன்னொன்று. சங்கிலி எங்கே முடிகிறது என்ற பழைய அளவீட்டுச் சிக்கலை இந்த வழி தீர்த்துவிடவில்லை. ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒளிக்கூம்புக்குள் இருக்கிறது என்று உறுதி கொடுக்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

வெற்றிடத்திலும் பின்னல் உண்டு என்கிறார்களே?

உண்டு. ரே, ஷ்லீடர் இருவரும் 1961-இல் நிரூபித்த தேற்றத்தின் உள்ளடக்கம் அதுதான். ஒன்றுமே இல்லாத இடத்தின் இரண்டு மூலைகளும் குவாண்டம் முறையில் தொடர்புபட்டவை. ஒன்றையொன்று எட்ட முடியாத இரண்டு டிடெக்டர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் புலத்தைத் தொட்டுவிட்டு விலகினால், அவை பின்னிக்கொள்ள முடியும் என்று ரெஸ்னிக் 2003-இல் காட்டினார். இதைப் பின்னல் அறுவடை என்பார்கள். இதிலும் செய்தி போவதில்லை, ஏற்கெனவே வயலில் விளைந்திருந்ததைத்தான் அறுக்கிறார்கள்.

இதன் கூடப் பிறந்த விஷயம் உன்ரூ விளைவு: முடுக்கத்தோடு போகும் டிடெக்டருக்கு வெற்றிடம் சூடாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு கெல்வின் சூட்டுக்கு நொடிக்கு நொடி, 25-க்குப் பின்னால் 19 பூஜ்யம் போட்ட மீட்டர் கணக்கில் முடுக்கம் வேண்டும். கையில் தெர்மாமீட்டரோடு யாரும் கிளம்ப வேண்டாம்.

இதனால் என்ன பிரயோஜனம்?

செய்தி ஒளியை முந்தாது என்பதையே பூட்டாகப் பயன்படுத்தலாம். மூடிய ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என் விலையை இப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று உறுதி தர வேண்டும், ஆனால் நேரம் வரும் வரை யாருக்கும் தெரியக் கூடாது. எழுதி மூடிய சீட்டை நம்பலாமா? ஏட்ரியன் கென்ட் காட்டிய வழியில், என் ஆட்கள் தூரத்து இரண்டு ஊர்களில் ஒரே சமயத்தில் பதில் சொல்ல வேண்டும். இடையில் பேசிவைத்து மாற்றிக்கொள்ள ஒளி வேகம் விடாது. ஜெனீவாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2013-இல் இதைச் செய்து, 15 மில்லி நொடி வரை வாக்குறுதியைக் காப்பாற்றிக் காட்டினார்கள்.

நம் நாட்டில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் சுமார் 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரம். பிள்ளைகளிடம் இதை அடிக்கடி சொல்கிறேன்.

எது முதல், எது அடுத்து என்பதே பின்னிக்கொள்ளுமா?

ஒரெஷ்கோவ், கோஸ்டா, புரூக்னர் மூவரும் 2012-இல் அப்படிப்பட்ட கணித அமைப்பை எழுதினார்கள். ஒரு ஃபோட்டான் "முதலில் அ, பிறகு ஆ", "முதலில் ஆ, பிறகு அ" என்ற இரண்டு வரிசையையும் கலந்து கடக்கும் சோதனைகளை வியன்னாவில் 2015 முதல் செய்கிறார்கள். அவற்றிலும் ஒளிக்கூம்பை மீறிய செய்தி கிடையாது. இதற்கே தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

கல்லூரியில் இது இல்லை. நானாகப் படிக்க எங்கே தொடங்குவது?

2-க்கு 2 அணிப் பெருக்கல், சிக்கலெண், லோரன்ட்ஸ் மாற்றம். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் போதும். பிறகு இணையத்தில் வரும் காணொளிகளுக்குப் போகும் முன், மேலே சொன்ன ஓசூர், தர்மபுரி கணக்கை நீங்களே போடுங்கள். முதலில் குறைத்துக் கேட்கும் அளவீடு: புரட்டாதபோது தர்மபுரியில் 0 வரும் நிகழ்தகவு 0, புரட்டியபோது 0.5 வர வேண்டும். அடுத்து நான்கு பெல் நிலைகளையும் கேட்கும் அளவீடு: இரண்டு சமயத்திலும் 0.5 வர வேண்டும். ஒரு தாளின் இரண்டு பக்கம் போதும். எங்காவது குறி மாறி எண் வராமல் போனால், அந்தத் தாளை அழிக்காமல் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள்.